"முதல்ல ஊசிய நிறுத்திட்டு வா"ன்னு சொல்றது வைத்தியம் இல்லைங்க

கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. ஹெபடைடிஸ் சி பத்தி எப்ப எழுதினாலும் கீழ ஒரே மாதிரி கமெண்ட் வருது: "போதை ஊசி போடுறவனுக்கு என் வரிப்பணத்துல எதுக்கு மாத்திரை? முதல்ல நிறுத்தட்டும், அப்புறம் பாக்கலாம்." பொதுமக்கள் சொன்னா கூட புரிஞ்சுக்கலாம். ஸ்டெதஸ்கோப் மாட்டினவங்களும் சொல்றாங்க. அதுக்குத்தான் இது.

நான் இருக்கறது கொல்லிமலை, குண்டூர் நாடு. இங்க வீட்டுக்கு வீடு ஊசி போதைன்னு சொல்ல வரல. ஆனா தோட்டத்துல வேலை இல்லாத மாசம் பசங்க மலை இறங்கி திருப்பூர், சென்னைன்னு போயிடறாங்க. சென்னைல நடக்கறத பேப்பர்ல படிச்சிருப்பீங்க. டேப்பென்டடால்னு ஒரு வலி மாத்திரை, கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டோட மட்டும் குடுக்க வேண்டியது. அதப் பொடிச்சு தண்ணில கரைச்சு நரம்புல ஏத்தறாங்க. ஒரே சிரிஞ்ச் நாலு கை மாறுது.

அந்த சிரிஞ்சுக்குள்ள தங்கற துளி ரத்தத்துல வைரஸ் 63 நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. ஊசி தனித்தனியா இருந்தாலும் கரைக்கற மூடி, பஞ்சு, தண்ணி பொதுவா இருந்தா அது போதும், தொத்திக்கும்.

2013ல 15 இந்திய நகரங்கள்ல போதை ஊசி போடறவங்க 14,481 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. 100க்கு 37 பேர் ரத்தத்துல ஹெபடைடிஸ் சி தொற்றோட தடயம். அவங்கள்ல தனக்கு இது இருக்குன்னு தெரிஞ்சவங்க 100க்கு 6 பேர் கூட இல்ல. எப்படித் தெரியும்? காமாலைன்னா நம்ம ஊர்ல கீழாநெல்லி தேடுவாங்க. இதுல பெரும்பாலானவங்களுக்கு காமாலையே வராது. 20, 30 வருஷம் சத்தமே இல்லாம கல்லீரல் சுருங்கும். வயித்துல தண்ணி கோத்து, ரத்த வாந்தியோட வந்து நிக்கும்போதுதான் வீட்டுக்கே தெரியும்.

இதுக்குத் தடுப்பூசி இல்ல. ஆனா மருந்து இருக்கு. அதுதான் என்னோட ஆத்திரமே. 2013 கடைசில அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் வந்தப்ப 12 வார கோர்ஸ் 84,000 டாலர். அதே மருந்தை இங்க நம்ம கம்பெனிகளே தயாரிக்குது. 2018 ஜூலை 28ல தொடங்கின தேசிய திட்டத்துல இலவசம். சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர்: தினம் ஒரு வேளை, 84 நாள். 100க்கு 95 பேருக்கு மேல முழுசா குணம். கல்லீரல் ஏற்கனவே சுருங்கினவங்களுக்கு மட்டும் மருந்தோ நாளோ மாறும். முழுசா குணமாக்கற மாத்திரைன்னு எத்தனை வியாதிக்கு நம்மகிட்ட இருக்கு? சுகருக்கு இருக்கா? பிபிக்கு இருக்கா?

"அவனுங்க ஒழுங்கா முழுங்க மாட்டானுங்க." இது அடுத்த கமெண்ட். 2018ல வெளியான சிம்ப்ளிஃபை ஆய்வு: கடந்த ஆறு மாசத்துல போதை ஊசி போட்ட 103 பேருக்கு இதே வகை மருந்து. குணமானவங்க 94 சதவீதம். ஊசிய நிறுத்தினா தான் மருந்துன்னு அங்க யாரும் சொல்லல.

"மறுபடியும் வராதா?" வரலாம். வந்தா மறுபடியும் குடுப்போம். சுகர் 400ல இருக்கறவரு பலாச்சுளை சாப்பிட்டுட்டு வந்தா இன்சுலின் குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? டிபிக்காரர் பீடிய விட்டாத்தான் மாத்திரைன்னு சொன்னா நீங்களே என்னை சும்மா விடுவீங்களா?

சரி, தர்மம் நியாயம் எல்லாம் ஓரமா வைங்க. கணக்கா பாருங்க. ஒருத்தருக்கு குணமானா அவர்கிட்ட இருந்து பரவற சங்கிலி அங்கயே அறுந்துடுது. திருப்பி அனுப்பினா அதே வைரஸோட அதே கூட்டத்துக்குத்தான் போவார்.

இன்னொரு ஐடியா அடிக்கடி கேக்கறேன்: மெடிக்கல்ல சிரிஞ்ச் விக்கறதையே நிறுத்திடணுமாம். நிறுத்தினா போதை நிக்காது, பழைய சிரிஞ்ச் இன்னும் பத்து கை மாறும். நாக்குக்கு அடில வைக்கற புப்ரெனார்ஃபின் மாதிரி மாற்று மருந்து குடுத்தாலே புதுசா ஹெபடைடிஸ் சி வர்றது பாதியா குறையுது. அதோட சுத்தமான ஊசியும் தாராளமா கிடைச்சா கிட்டத்தட்ட முக்கால்வாசி குறையுது. ரெண்டும் நம்ம நாட்டுல எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல ஏற்கனவே இருக்கு. 2017 எச்ஐவி சட்டத்தோட 22வது பிரிவு, தொற்றைக் குறைக்கறதுக்காக செய்யற இந்த வேலைய குற்றமா பாக்கக்கூடாதுன்னு சொல்லுது. சட்டத்துக்கு இருக்கற இரக்கம் கூட நமக்கு இல்ல.

மலைல இருக்கறவங்களுக்கு இன்னொரு கஷ்டம். ஒரு டெஸ்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், ஒரு நாள் கூலி போச்சு. அவ்வளவு தூரம் போனவன "நிறுத்திட்டு வா"ன்னு அனுப்பினா திரும்ப வருவானா, சொல்லுங்க.

வாழ்க்கைல ஒரே ஒரு தடவை ஊசியப் பகிர்ந்திருந்தாலும், அது பத்து வருஷம் முன்னாடியா இருந்தாலும், டெஸ்ட் கேளுங்க. முதல் டெஸ்ட் பாசிட்டிவ்னா பதறாதீங்க. தானா சரியானவங்களுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். ரெண்டாவதா வைரஸ் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் எடுத்தாத்தான் முடிவு தெரியும், அதக் கேட்டு வாங்குங்க. "ஏன்டா போட்ட"ன்னு மட்டும் கேட்டு அனுப்பினா, வீட்டுக்குப் போகாதீங்க. அடுத்த டாக்டர்கிட்ட போங்க.