'டிக்' சத்தமும் எட்டுக் கால் பெட்டியும்

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ராத்திரி எல்லோரும் தூங்கினபின் 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. பேயும் இல்லை, பல்லியும் இல்லை. ரிலே!

சமாசாரம் எளிது. ஓர் இரும்புத் துண்டு, அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். சுருளில் கரண்ட் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி, ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கும் தகட்டை 'டிக்'கென்று இழுக்கும். தகடு இன்னொரு முனையைத் தொடும். அங்கே வேறொரு சர்க்யூட் உயிர் பெறும். சுருளுக்கு 24 வோல்ட்டில் துளி கரண்ட் போதும். முனையிலோ 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். இரண்டையும் இணைக்க ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆபீஸில் மானேஜர் ஃபைலைத் தொடாமலே மணியடித்து வேலை வாங்குகிறாரே, அதே டெக்னிக். ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்கர் 1835-ல் செய்து காட்டியது.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், காலண்டர் சீஸனில் ஓர் அச்சகத்தின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து காட்டினார் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி. உள்ளே வரிசையாக சாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரிலே. வயர் எல்லாம் சாக்கெட்டோடு சரி. ரிலே செத்துப் போனால் பிடுங்கிவிட்டுப் புதுசு சொருகலாம், பல்பு மாற்றுகிற மாதிரி. எட்டுக் கால் உருண்டை சாக்கெட். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்தவர்களுக்குப் பரிச்சயமான அதே வடிவம். 2, 7 சுருளுக்கு. 1, 3 சுருள் இழுத்தால் சேரும். 1, 4 இழுக்காதபோது சேர்ந்திருக்கும். மறுபக்கம் 8, 6, 5 அதே கதை.

''பச்சை பட்டனை அமுக்கிட்டு விரலை எடுத்துடறோம். மிஷின் ஏன் நிக்கலை?'' என்றேன்.

''1, 3 சேர்ந்ததும் அது வழியாவே தன் சுருளுக்குத் தானே கரண்ட் குடுத்துக்கும் ஸார். சிவப்பை அமுக்கினா அந்த வழி அறுந்துரும்.''

''கரண்ட் போனா?''

''எல்லாம் மறந்துரும். அந்த மறதிக்குத்தான் ஸார் இதை வச்சிருக்கு.''

யோசித்தால் புரிகிறது. கரண்ட் போன நேரத்தில் ஒருவர் உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று கரண்ட் வரும். மிஷினுக்குப் பழைய ஞாபகம் இருந்தால் துணியோடு விரலும் உள்ளே போகும். ரிலே மறந்துவிட்டதால் யாராவது மறுபடி பச்சையை அமுக்கும்வரை மிஷின் சும்மா நிற்கும்.

இந்த மறதியைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. ரிலே மக்கர் பண்ணும், மாற்று ரிலே கைவசம் இருக்காது, ஆர்டர் அவசரம். யாராவது 1-க்கும் 3-க்கும் நடுவே ஒரு துண்டு வயரைச் சொருகிவிடுவார். மிஷின் ஓடும், சபாஷ்! ஆனால் அடுத்த முறை கரண்ட் வந்ததும், யாரும் பட்டனைத் தொடாமலே ஓடும்.

கண்டுபிடிப்பது சுலபம். யாரும் மிஷின் பக்கத்தில் இல்லாதபோது சிவப்பை அமுக்கிவிட்டு விரலை எடுங்கள். நின்ற மிஷின் தானாகக் கிளம்பினால், உடனே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரிலே சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும். விரல் கிடைக்காது.