பாதிக் கேள்வி

2019 செப்டம்பர் 3 இரவு பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வாக்களித்த அந்த 21 பேரை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஒப்பந்தமே இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியினரான அவர்கள் சொந்த அரசையே எதிர்த்தார்கள். முன்னாள் நிதியமைச்சர்கள் கென் கிளார்க்கும் பிலிப் ஹாமண்டும், சர்ச்சிலின் பேரன் நிக்கோலஸ் சோம்ஸும் அவர்களில் உண்டு. கட்சி தங்களை விலக்கிவைக்கும் என்று தெரிந்தே வாக்களித்தார்கள், அன்றிரவே விலக்கப்பட்டார்கள். எதிர்க்கட்சியான லேபர் கட்சியோ அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே உடைந்திருந்தது. அங்கே பிரெக்ஸிட் எனப்படும் இந்த வெளியேற்றச் சிக்கலோடு யூத வெறுப்புப் புகார்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் குழப்பத்தின் வேர் 2016 பொதுவாக்கெடுப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 52க்கு 48 என்ற விகிதத்தில் மக்கள் வெளியேறச் சொன்னார்கள். எப்படி வெளியேறுவது, வடக்கு அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என்று வாக்குச்சீட்டு அவர்களைக் கேட்கவேயில்லை. விடை தேடிய அப்போதைய பிரதமர் தெரசா மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் உறுப்பினர்கள் எட்டு மாற்று வழிகளை முன்வைத்தார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இதை நாடாளுமன்றத்தின் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மக்களிடம் பாதிக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, மீதியை அவையின் தலையில் கட்டிப் பதவி விலகிய முன்னாள் பிரதமர் டேவிட் கேமரனே முதல் பொறுப்பாளி.