சாய்ச்சால் மட்டும் இட்டாலிக் ஆகாது



இந்த வார எபிசோட்டில் ஃபொன்ட் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டு, நேரம் முடிஞ்சு போச்சு. மிச்சத்தை இங்கே எழுதுறன்.

போன கோடையில் எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நோட்டீஸ் செய்யிற வேலை என் தலையில் விழுந்தது. ரொபோட்டோ ஸ்லாப் எடுத்து, போல்ட், இட்டாலிக் இரண்டு பட்டனையும் அமத்தினேன். ஆங்கிலம், தமிழ் எல்லாம் தடிச்சுச் சாய்ஞ்சது. நல்ல வேகமாக இருக்கு என்று எனக்குப் பெருமை. அம்மம்மா அதைத் தூரப் பிடிச்சுப் பார்த்தார். "தம்பி, எழுத்தெல்லாம் ஏன் விழுற மாதிரி நிக்குது? எத்தினை மணிக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு."

எனக்கு 'அ' எழுதப் பழக்கினவர், என்னை வாசிக்கச் சொல்கிறார்.

ஸ்லாப் செரிஃப் என்றால் எழுத்தின் நுனிகளில் தடிச்ச பட்டை இருக்கும் வகை. 1800களின் தொடக்கத்தில் லண்டன் விளம்பரச் சுவரொட்டிகளில் வளர்ந்தது. தெருவில் போறவனை நிறுத்திப் பார்க்க வைக்கிறதுதான் அதன் வேலை. இட்டாலிக் பிறந்தது வேறு இடத்தில்: 1501 அளவில் வெனிஸ் அச்சகத்தில், கையெழுத்தைப் பார்த்துச் செய்தது. ஒன்று காலை ஊன்றி நிற்கும், மற்றது ஓடும். இரண்டையும் சேர்த்துத் தடிப்பாக்கினால், ஊன்றிக்கொண்டே ஓடுற எழுத்து. அதனால்தான் விளையாட்டு அணிப் பெயருக்கும் நாலு சொல் தலைப்புக்கும் அது அவ்வளவு பொருத்தம். ஒரு முழுப் பந்தியை அதில் போட்டால், காதுக்குள் கத்துற மாதிரி.

என் பிழை எங்கே? ரொபோட்டோ ஸ்லாப் குடும்பத்தில் இட்டாலிக்கே இல்லை. பட்டனை அமத்தினவுடன் மென்பொருள் எழுத்தைப் பிடிச்சுச் சரிச்சு விட்டது. அப்படிச் சரிக்கும்போது வட்டங்கள் கோணும், கோட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். ஆள் இருந்து வரைந்திருந்தால் அதைத் திருத்தியிருப்பார். தமிழுக்கு இன்னும் மோசம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இட்டாலிக் இல்லை, சிலவற்றில் போல்டும் இல்லை. பொய்ப் போல்ட் விழுந்தால் 'ண', 'ன' சுழிகள் அடைபடும், சின்ன எழுத்தில் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டும். அம்மம்மாவின் கண்ணில் பிழை இல்லை.

"இதையெல்லாம் யார் கவனிக்கிறான்?" என்று கூட்டாளி கேட்டான். பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வாசிக்கக் கஷ்டப்படுறவர் கவனிக்கிறார். ஆங்கிலத்துக்கு வடிவாக ஃபொன்ட் தேடிவிட்டு, தமிழை அதே பட்டனுக்குக் கீழே தள்ளுறது சோம்பேறித்தனம். நானும் அதைத்தான் செய்தேன்.

இப்ப நான் செய்யிறது மூன்று. ஆங்கிலத் தலைப்புக்கு, உண்மையான போல்ட் இட்டாலிக் உள்ள குடும்பம். மொசில்லா 2017இல் வெளியிட்ட சில்லா ஸ்லாப்பில் அது இருக்கு, இலவசமும்கூட. தமிழை நிமிர்த்தியே வைப்பேன். அழுத்தம் வேண்டுமென்றால் உண்மையான போல்ட், பெரிய அளவு, அல்லது நிறம். வெப்சைட் என்றால் சிஎஸ்எஸ்ஸில் 'ஃபொன்ட் சிந்தசிஸ்' என்ற அமைப்பை 'நன்' என்று வைப்பேன். பிரவுசர் பொய்யாகச் சரிக்காது, தடிக்காது.

இந்த வருச நோட்டீஸ் அப்படித்தான் செய்தேன். அம்மம்மா தானே வாசிச்சார். "ஒன்பது மணிக்கோ? வெயிலுக்கு முதல் தொடங்குங்கோ" என்றார்.

உங்கள் கோயில், கழகம், கலியாண நோட்டீஸ் ஏதும் கையில் இருந்தால் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. தமிழ் நிக்குதோ, விழுகுதோ?