கண்வலிப்பூவும் பாட்டிங்க சொன்ன பொய்யும்

செங்காந்தள் நம்ம மாநில மலர்னு பரிட்சைக்கு எல்லாரும் படிச்சிருப்போம். எங்க மொரப்பூர் பக்கம் கண்வலிப்பூன்னு சொன்னாத்தான் தெரியும். மழை பெஞ்சதும் வேலில இலை நுனியாலயே சுத்திப் பிடிச்சு ஏறும். மஞ்சளும் சிவப்புமா பத்தி எரியற மாதிரி பூக்கும்.

உத்துப் பார்த்தா கண்ணு வலிக்கும்னு பாட்டிங்க சொல்லுவாங்க. பார்த்தா ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா அந்தப் பொய்தான் பக்காவான பாதுகாப்பு ஏற்பாடு! பயந்த பையன் பூவையும் தொடமாட்டான், கிழங்கையும் தோண்டமாட்டான்.

ஏன்னா செடி முழுக்க விஷம். கிழங்குலயும் விதையிலயும் இருக்குற கோல்ச்சிசின், செல்கள் பிரியறதையே நிறுத்திடும். தின்ன உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சு வாந்தி, பேதி. சாதாரண வயித்துப்போக்குன்னு விட்டுட்டா எலும்பு மஜ்ஜை வரைக்கும் போயிடும். ஆஸ்பத்திரில கொடுக்க முறிமருந்தும் இல்ல.

இதே கோல்ச்சிசின்தான் கவுட் மூட்டுவலிக்கு மாத்திரை. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிர் பண்றாங்க. ஆனா மாத்திரைல 0.5 மில்லிகிராம்னு அளவு இருக்கு. வேலிக் கிழங்குல எவ்வளவுன்னு யாருங்க அளந்தா?

பிரசவம் தாமதமானா கிழங்கை அரைச்சு வெளிப்பூச்சா போடற வழக்கம் இருந்தது. சித்த வைத்தியத்துலயும் சுத்தி பண்ணாம இதைச் சேர்க்கக் கூடாதுன்னுதான் விதி. இன்னிக்கு வாட்ஸப்புல சுத்தற 'மூலிகைப் பயன்கள்' பட்டியல்ல சுத்தியும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. மூட்டுவலியா, கலப்பைக் கிழங்கு, அவ்ளோதான். (ரெண்டும் ஒரே செடிதான் சாமி!) எர்ரர் ஹேண்ட்லிங்கைத் தூக்கிப் போட்டுட்டு மிச்ச கோடை மட்டும் காப்பி பண்ற கதைதான் இது :-(

நான் நாட்டு மருத்துவத்துக்கு எதிரி இல்ல. பெரியவங்க பயனையும் பயத்தையும் சேர்த்தேதான் கொடுத்தாங்க. பயத்தை விட்டுட்டுப் பயனை மட்டும் எடுத்துக்கிட்டா அது பாரம்பரியம் இல்ல, பாதி பாரம்பரியம். இந்தச் செடி விஷயத்துல பாதி தெரிஞ்சவன் ஒண்ணும் தெரியாதவனை விட ஆபத்தானவன்.

வேலியெல்லாம் கம்பி வேலியா மாறிட்டு வருது. செடியைக் காட்டி மிரட்டப் பாட்டியும் பக்கத்துல இல்ல. அதனால மூலிகை பத்தி எழுதற மக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். கண்வலிக்கிழங்கு பத்தி எழுதினா முதல் வரியிலயே 'விஷம்'னு எழுதிடுங்க. மருத்துவ குணமெல்லாம் ரெண்டாவது வரியில வரட்டும்.