வேத்தியலும் பொதுவியலும்

பாரிசு நகரில் வாழும் உஷா ஜே, ஈழத்தமிழ்க் குடியிற் பிறந்த ஆடற்கலைஞர். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லில் வெய்னின் பாட்டொன்றுக்குச் சேலையுடுத்து, தோழியர் இருவரோடு அவர் ஆடிய ஆட்டம் 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. ஒரு கணம் அரைமண்டியும் முத்திரையும்; மறுகணம் ஹிப்ஹொப்பின் துள்ளல். அதைக் கண்ட எம் ஆசிரிய நண்பரொருவர், "பரதம் பாழாயிற்று" என வெகுண்டார்.

அவருக்கு யான் சிலப்பதிகாரத்தை நினைவூட்டினேன். வேந்தனவைக்கு உரிய வேத்தியலும் பொதுமக்களுக்கு உரிய பொதுவியலும் ஆகிய இருவகைக் கூத்தினையும் ஒன்றோடொன்று மயங்காது அறிந்தவராகவே மதுரைக் கூத்தியரை இளங்கோவடிகள் காட்டுகிறார். மயங்காமை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. உஷா ஜே இரண்டையும் கரைத்துக் கூழாக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார். தாவும் இடமும் நமக்குத் தெரிகிறது. இரண்டையும் கற்றவர்க்கன்றி இஃது இயலாது. அவரைப் பார்த்துப் பாதி அடவும் பாதி குலுக்கலுமாக ஆடப் புகுவோர்மேல் நண்பர் சினந்தால் யானும் உடன்படுவேன்.

ஹிப்ஹொப் பொதுவியலே. 1973 ஆகஸ்ட் 11 இல், நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமேய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் தம் தங்கையின் விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதை அதன் பிறப்பாகக் கூறுவர். வட்டமாக நிற்போருள் வல்லவர் எவரும் நடுவே புகுந்து ஆடலாம். அங்கே அழைப்பிதழில்லை, மண்டப வாடகையில்லை. நம் பரதமோ, இசைவேளாளர் காத்துத் தந்த சதிர். இகழப்பட்ட அவ்வாடல் புதுப்பெயர் பூண்டு உயர்குடியினர் மேடையேறியது 1930 களிலேதான். இன்று அரங்கேற்றம் திருமணத்துக்கு நிகரான செலவாயிற்று. பரதத்தைப் பாழாக்குவது எதுவென்று நண்பர் சிந்திக்கட்டும்.

குறையொன்றும் உண்டு. அச்சிறு படங்களில் அடவு மிகுதி; அபிநயம் விரிய இடமில்லை. ஒரு பதத்தின் துயரை ஹிப்ஹொப்பின் அருகே அவர் எங்ஙனம் நிறுத்துவார் என்று காண ஆவலாயிருக்கிறேன்.

மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்றாள். உஷா ஜே ஹிப்ஹொப்பை முன்னரே கற்று, இருபது வயதளவிலேதான் பரதம் பயிலப் புகுந்தார். அரங்கேற்றச் செலவுக்கு அஞ்சிப் பதினைந்து வயதிற் சலங்கையை அவிழ்த்த மாணவியொருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். இனிக் காலங்கடந்துவிட்டது என்பாள். சென்ற வாரம் அப்படத்தை அவளுக்குக் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு, "இன்னொருமுறை போடுங்கள், ஐயா" என்றாள்.