எலிக்கு நஞ்சா, பொறியா, நாயா?

2024 பெப்ரவரியில் லாகூரிலிருந்து வந்த ஸ்ரீலங்கன் விமானமொன்றில் ஓர் எலி காணப்பட்டது. அவ்வொற்றை எலிக்காக அந்த விமானம் மூன்று நாட்கள் தரையில் நின்றது. பத்திரிகைகளும் அதனைச் சுவையான செய்தியாக வெளியிட்டன. ஆனால், பொரளைச் சந்தையின் பின்புற வடிகாலிலும் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இரவுதோறும் உலவும் எலிகளைப் பற்றி எவரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இவற்றுள் வளை தோண்டி வாழ்வன இருவகை. ஒன்று, கப்பலேறி உலகமெங்கும் பரவிய பழுப்பு எலி. மற்றையது நம் மண்ணுக்கே உரிய பெருச்சாளி. சிங்களவர் இதனை ‘ஊறுமீயா’ என்பர். பன்றியெலி என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் வழங்கும் ‘பண்டிகூட்’ என்ற பெயரும் அதே பொருளுடைய தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்ததே. மதில்களின் அத்திவாரத்தையும் கால்வாய் அணைகளையும் குடைவதில் இதற்கு நிகர் இதுவே.

மதிலைப் பழுதுபார்த்துவிடலாம், மனித உயிரை மீட்க இயலாது. 1914இல் கொழும்பில் நுழைந்த பிளேக் நோய், எலிகளின் உடலிலிருந்த தெள்ளுகளாலேயே பரவியது. 2008இல் எலிக்காய்ச்சல் நாடளாவிய ரீதியில் பரவியபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறலொன்றில் பட்டாலே போதும். வயலில் இறங்கும் விவசாயியும் வடிகாலில் இறங்கும் மாநகர சபைத் தொழிலாளியுமே இதற்கு முதலில் பலியாகின்றனர். இந்நோயை உறுதிப்படுத்தும் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் பொரளையிலேயே அமைந்திருக்கிறது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம்மவர் கையாளும் வழியோ பெரும்பாலும் நஞ்சு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் உள்ளே குருதி கசிந்து, வளைக்குள்ளோ கூரைக்குள்ளோ கிடந்து மடிகிறது. துர்நாற்றம் ஒருபுறமிருக்க, அவ்வெலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகின்றன. எலியைத் தின்னும் உயிரைக் கொல்வது, எலிக்கே செய்யும் உபகாரமன்றோ?

பூனை வளர்த்தால் போதும் என்பாரும் உளர். நியூயோர்க்கில், கழிவு மீள்சுழற்சி நிலையமொன்றில் 79 நாட்கள் கமரா வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. அங்கிருந்த பூனைகள் பிடித்த எலிகள் இரண்டே இரண்டு! வளர்ந்த பழுப்பு எலியைக் கண்டால் பூனையும் ஒதுங்கிப் போய்விடுகிறது.

டெரியர் நாய்கள் அவ்வாறல்ல. மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அவற்றின் பெயர் வந்தது. எலி குடியிருக்கும் வளை எது, வெறும் வளை எது என்பதை அவை மோப்பத்தால் அறியும். ஏனைய வாய்களை அடைத்துவிட்டு வளையைத் தோண்டினால், வெளியே பாயும் எலியை நாய் கௌவி ஒரே உதறலில் முடித்துவிடும். தென் ஜோர்ஜியாத் தீவில் எலிகளை ஒழித்த பின்னர், ஓர் எலியேனும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்யும் பணியிலும் மோப்ப நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. 2018இல் அத்தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது.

பொறிக்கும் ஒரு நுட்பமுண்டு. புதிய பொருளைக் கண்டு அஞ்சுவது எலியின் இயல்பு. ஆதலால் முதற் சில நாட்கள் பொறியை விசையேற்றாமல், இரையுடன் சுவரோரமாக வைத்துப் பழக்குதல் வேண்டும். முதல்நாளே விசையேற்றிவிட்டு, ‘எலி விழவில்லை’ என்று குறைகூறுவதில் பயனில்லை.

இவ்வறிவு நமக்கு அந்நியமானதன்று. தமிழகத்து இருளர்கள் வளை வாயில் புகையூட்டி எலி பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். இழிதொழிலென்று ஒதுக்கப்பட்ட ஒன்றினுள் எத்துணை நுண்ணறிவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாயை ஏவிக் கொல்வது பாவமென்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கண்காணாமல் பல நாட்கள் துடிக்கவைத்துக் கொல்வது மட்டும் புண்ணியமாகுமா? கொல்லத்தான் வேண்டுமெனில், விரைந்து முடிப்பதே குறைந்த கொடுமை.

எனவே, கொழும்பு மாநகர சபை சிறிய பிரிவொன்றை அமைத்துப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற சில நாய்கள், பொறிகள், கையுறையும் நீள்சப்பாத்தும் அணிந்த நிரந்தரப் பணியாளர்கள் ஆகியன போதும். நாய்களுக்கும் எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதால் தடுப்பூசி அவசியம். எலிக்கு இவ்வளவென்று கூலி பேசுதல் மட்டும் ஆகாது. 1902இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர் எலிவாலுக்குப் பணம் கொடுத்தபோது, மக்கள் வாலை வெட்டிக்கொண்டு எலியை உயிருடன் விட்டனர். சிலர் எலிகளை வளர்க்கவும் தொடங்கினர்.

இவையெல்லாம் பாதி வேலையே. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் குப்பைமேடு 2009இல் மூடப்பட்டதும் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 புத்தாண்டு தினத்தன்று அந்த மேடு சரிந்து 32 உயிர்களைப் பலிகொண்டது. குப்பையை இடம்மாற்றுவதும் எலிக்கு விருந்தை இடம்மாற்றிப் படைப்பதும் ஒன்றே. மூடியுள்ள குப்பைத் தொட்டியும் அடைக்கப்பட்ட வடிகாற் துவாரமும் இல்லாத நகரில், எத்தனை நாய்களை ஏவினாலும் அடுத்த மாதமே வளைகள் நிறைந்துவிடும். இரண்டையும் ஒருங்கே செய்தால்தான், வடிகாலில் இறங்கும் தொழிலாளி நோயின்றி வீடு திரும்புவான்.