மறைத்தால் தீருமா?

வன்னியில் கசிப்போடு இப்போது ஐஸும் எம் இளைஞரைத் தேடி வருகிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 5 கிராமுக்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஆனால், அடிமையானவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டிருப்பதைப் பலர் அறியார்.

போதை ஹராம் என்பதில் எமக்குள் இரு கருத்தில்லை. அதனாலேயே, "தங்கச்சிக்குக் கல்யாணம் பேச வேணும், வெளியே சொல்லாதே" என்று நானாவின் பழக்கத்தை வீட்டுக்குள் மூடி வைக்கிறோம். மூடி வைக்க வைக்க அது வேர் விடுகிறது. நோயாளியை ஒளிப்பது மானம் காப்பதாகாது என்பதே என் கருத்து.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை தருகிறது. பெற்றோரே, அடிக்குமுன் அழையுங்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டில் முதலில் வாய் திறப்பவர் நீங்களாக இருங்கள்.